வானத்தைத் தீர்மானிப்பது யார்? நிலக்காட்சி ஒளிப்படத்துக்கு லைட்ரூமும் போட்டோஷாப்பும்: ஒரு மதிப்புரை

நிலக்காட்சி ஒளிப்படம் எடுப்போர் பலரும் அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கிளாசிக், போட்டோஷாப் ஆகிய இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். கேமரா பதிந்த மூலத் தரவான ரா கோப்பை லைட்ரூமில் பதப்படுத்துவதும், அங்கே முடியாத வேலையைப் போட்டோஷாப்புக்கு அனுப்புவதும் வழக்கமான முறை. இவற்றின் வேகம், கணினிக்குத் தேவையான திறன், சந்தா முறையின் சாதக பாதகங்கள் ஆகியவை பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டுவிட்டன. அவற்றைத் திரும்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மலையையும் நீரையும் வானத்தையும் படமெடுக்கும் ஒருவர் இந்த மென்பொருளின் முன் உட்காரும்போது அவருடைய படம் கலையாக மேலேறுகிறதா, மென்பொருளின் கைவண்ணமாகச் சுருங்குகிறதா என்பதே இந்த மதிப்புரையின் பொருள். ஆகவே ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியை வைத்து எடை போட்டிருக்கிறேன்: படத்தில் நிகழும் மாற்றத்தைத் தீர்மானிப்பது எடுத்தவரா, கருவியா?

கை வைக்கப்படாத படம் என்று ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையை முதலில் ஒதுக்கிவிடலாம். பெரும்பாலான கேமராக்களில் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தின் அளவை மட்டுமே பதிவு செய்கிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்புவது மென்பொருளின் வேலை. நிறச் சமநிலையை வகுக்கும் ஒயிட் பேலன்ஸும் ஒளி, இருளின் ஏற்றத்தாழ்வை வகுக்கும் டோன் கர்வும் தேர்ந்தெடுக்கப்படும் வரை ரா கோப்பு வெறும் எண்களின் தொகுப்புதான். பிலிம் காலத்தில் இது இல்லை என்பாரும் உண்டு. 1990ல் வந்த பியூஜி வெல்வியா பிலிம் பச்சையையும் சிவப்பையும் எப்படித் தூக்கிக் காட்டும் என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பிலிமைத் தேர்ந்தெடுத்தபோதே பாதி எடிட்டிங் முடிந்துவிட்டது. இன்னும் பின்னால் போனால், 1850களில் பயன்பட்ட, கொலோடியன் என்னும் வேதிப்பூச்சு கொண்ட கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டுமீறிய உணர்திறன் கொண்டவை என்பதால், நிலத்துக்குச் சரியாக எக்ஸ்போஷர் (பதிய விடும் ஒளியின் அளவு) கொடுத்தால் வானம் வெள்ளைத்தாளாகப் போய்விடும். பிரெஞ்சுக் கலைஞரான குஸ்தாவ் லெ கிரே, 1856, 1857ஆம் ஆண்டுகளின் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு இன்னொரு நெகட்டிவுமாக இரண்டைச் சேர்த்து அச்சிட்டார். ஒரே வானம் அவருடைய வெவ்வேறு கடல்களின் மேல் வந்து நிற்பதும் உண்டு. வானத்தை மாற்றும் வழக்கத்துக்குக் கணினியைவிட வயது அதிகம்.

எனவே, மாற்றியது குற்றமா என்று கேட்பதில் பயனில்லை. அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் நிலவு எழுவதை எடுத்த படம் இதற்கு நல்ல சான்று. அவருடைய நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த அச்சில் வானம் வெளிறியும் மேகங்கள் நிறைந்தும் இருக்கிறது. நாம் அறிந்த அந்தக் கன்னங்கரிய வானம் இருட்டறையில் பிறந்தது. 1948ல் அவர் நெகட்டிவின் முன்னிலப் பகுதியை வேதிப்பொருளால் வலுப்படுத்தினார். பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளை எடுத்தபோது வானத்தை மேலும் மேலும் இருளச் செய்துகொண்டே போனார். 1944ல் கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரிலிருந்து எடுத்த பனிமலைப் படத்தில், பள்ளி மாணவர்கள் குன்றின் மேல் பெரிதாக அமைத்திருந்த ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளை நீக்கியே விட்டார். இவ்வளவும் செய்தவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. எந்த இடத்தை எவ்வளவு இருட்டாக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அச்சிலும் அவர் கண்ணும் கையும் தீர்மானித்தன.

படத்தின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துத் திருத்த உதவும் லைட்ரூமின் மாஸ்க் வசதியை நான் மிக உயர்வாக மதிப்பிடுவது இந்தக் காரணத்தால்தான். இருட்டறையில் அட்டைத் துண்டை ஆட்டி ஒளியை மறைத்தும் விடுத்தும் செய்த வேலையே இங்கே நடக்கிறது. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் பின்வாங்கலாம். 2021 அக்டோபரில் வானத்தையும் முதன்மைப் பொருளையும் தானே கண்டறியும் மாஸ்க்குகள் வந்தன. 2025ல் நீர், செடிகொடிகள், மலை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துத் தரும் நிலக்காட்சி மாஸ்க்கும் சேர்ந்தது. இவை செய்வது எல்லை வகுப்பது மட்டுமே. அந்த எல்லைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை நாம் சொல்லும் வரை படம் அசையாது.

சூரியன் எழுமுன் எடுத்த ஓர் ஏரிப் படத்தை எடுத்துக்கொள்வோம். வானம் வெளுத்திருக்கிறது, கரைப்பாறைகள் இருண்டிருக்கின்றன. வானத்தை அப்படியே மாஸ்க் செய்து எக்ஸ்போஷரைக் குறைத்தால், மலைமுகட்டை ஒட்டி ஒரு வெளிறிய கோடு விழுந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மாஸ்க்குடன், படிப்படியாகத் தேயும் லீனியர் கிரேடியன்ட் ஒன்றை இன்டர்செக்ட் செய்தால், அதாவது இரண்டும் பொருந்தும் இடத்தை மட்டும் எடுத்தால், உச்சியில் முழுமையாகவும் தொடுவானத்துக்கு அருகே மிகக் குறைவாகவும் இருள் இறங்கும். கண் உண்மையில் காணும் வானமும் அப்படித்தான் இருக்கும். பாறைகளுக்கு, ஒளியளவை வைத்துப் பகுதி பிரிக்கும் லூமினன்ஸ் ரேஞ்ச் மாஸ்க் எடுத்து, அடியாழத்து நிழலை விட்டுவிட்டு நடுத்தர ஒளிப்பகுதியை மட்டும் அரை ஸ்டாப் (ஒளி இருமடங்காவது ஒரு ஸ்டாப்) உயர்த்தினால் போதும். நிழல் முழுவதையும் தூக்கினால் பாறையின் கனம் போய்விடும். பிறகு பிரஷ்ஷின் ஃப்ளோவை, அதாவது ஒரு தீற்றலில் ஏறும் மாற்றத்தின் அளவை, மிகக் குறைவாக வைத்து, சட்டத்தின் ஓரத்தில் கண்ணைப் பறிக்கும் வெளிர்க்கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அடக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் பார்ப்பவரின் கண் எங்கே நுழைந்து எங்கே நிற்க வேண்டும் என்பதை அமைக்கும் வேலையும் இதுவே.

இங்கே மென்பொருள் நம்மை எச்சரிக்காத ஒன்று உண்டு. நீரில் விழும் பிம்பம் வானத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும், ஏனெனில் விழும் ஒளியில் ஒரு பகுதி நீருக்குள் போய்விடுகிறது. வானத்தை மட்டும் இருட்டாக்கி ஏரியை அப்படியே விட்டால், பிம்பம் மூலத்தைவிடப் பிரகாசமாகி, இன்னதென்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். ஸ்லைடருக்கு இயற்பியல் தெரியாது. அதை நகர்த்துபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிளைகளும் இலைகளும் வானத்துக்குள் ஊடுருவும் இடங்களில் எந்த மென்பொருளின் தானியங்கி மாஸ்க்கும் தடுமாறும் என்பதால், அங்கே நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் ஓரங்களைச் சரிபார்ப்பதும் தவிர்க்க முடியாத வேலை.

லைட்ரூமின் பிற வசதிகளை விரைவாகக் கடந்துவிடலாம். பல எக்ஸ்போஷர்களை இணைக்கும் எச்டிஆர், பல சட்டங்களை ஒட்டும் பனோரமா ஆகியவை நம்பகமாக வேலை செய்கின்றன. கண்ணுக்கு எட்டிய ஒளி வீச்சும் பரப்பும் சென்சாருக்கு எட்டாதபோது கைகொடுப்பவை என்பதால் இவற்றின் மேல் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. மூடுபனி போன்ற மங்கலை நீக்க 2015ல் வந்த டீஹேஸ் ஸ்லைடர் பற்றி ஒரு வார்த்தை: தொலைவைத் தொலைவாகக் காட்டுவதே மலைகளுக்கிடையே நிற்கும் அந்த மங்கல்தான். அடுக்கடுக்கான மலைகளில் அதைத் துடைத்தெடுத்தால் எல்லா மலையும் ஒரே தளத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். என் படங்களில் இந்த ஸ்லைடரை வலப்பக்கத்தைவிட இடப்பக்கம், அதாவது மங்கலைக் கூட்டும் பக்கம், நகர்த்துவதே அதிகம்.

ஒரு பொருளை நீக்கும் கருவிகளுக்கு வருவோம். போட்டோஷாப்பில் 2010லேயே கன்டென்ட் அவேர் ஃபில் வந்துவிட்டது. அது படத்தின் மற்ற பகுதிகளிலிருந்து எடுத்து ஓட்டையை அடைக்கும். அடைக்கும் துணி அதே படத்தின் துணிதான். நீக்குவதால் படம் கலைத்தன்மை இழந்துவிடும் என்று வாதிடுபவர்கள் ஜெர்மானியக் கலைஞர் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி ரைன் நதியை எடுத்த 1999ஆம் ஆண்டுப் படத்துக்கு விடை சொல்ல வேண்டும். எதிர்க்கரையில் இருந்த மின்நிலையத்தையும் கரையில் நடந்துகொண்டிருந்தவர்களையும் கணினியில் அழித்துவிட்டு, புல், நீர், புல், வானம் என்று கிடைக்கோடுகளை மட்டும் அவர் மிச்சம் வைத்தார். அதன் ஓர் அச்சு 2011ல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. விலை தரத்துக்குச் சான்றாகாது. ஆனால் அந்த நீக்கம் சான்றாகும். படத்தில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கோடும், எது போக வேண்டும் என்று ஒருவர் தெளிவாக முடிவெடுத்ததன் விளைவு. தன் படம் அந்த இடத்தின் ஆவணம் என்று அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஆக்கச் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் நீக்கல் வேறு வகை. போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் 2023ல் வந்தது. லைட்ரூமின் ஜெனரேட்டிவ் ரிமூவ் 2024ல் வந்தது. இவற்றுக்கு இணைய இணைப்பு வேண்டும், ஏனெனில் வேலை நடப்பது நம் கணினியில் இல்லை, நிறுவனத்தின் சர்வரில். முன்னிலத்தில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் புட்டியை எடுத்தால் அதன் இடத்தில் வரும் புல் அந்தக் கரையின் புல் ஆகாது. எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு ஊகித்து வரைந்த புல் அது. சிறு இடத்துக்கு இதனால் பெரிய கேடில்லை, முடிவும் பெரும்பாலும் துல்லியமாகவே வருகிறது. தேர்வு செய்த பகுதி பெரிதாகப் பெரிதாகத்தான் சிக்கல். ஜெனரேட்டிவ் ஃபில் அறிமுகமான காலத்தில் 1024க்கு 1024 பிக்சல் அளவில்தான் வரைந்து தந்தது. பெரிய இடத்தில் அதை இழுத்து நிரப்பி ஆளுயர அச்சு எடுத்தால், சுற்றியுள்ள பாறையின் நுணுக்கத்துக்கு நடுவே அந்தப் பகுதி பல்லிளித்துவிடும். தவிர, இத்தகைய கருவிகள் நாம் கேட்காத ஒரு கல்லையோ செடியையோ தாமாக நட்டுவைப்பதும் உண்டு. அதைப் பார்த்து, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடும் கணத்தில் தீர்மானம் கைமாறிவிடுகிறது.

வானத்தையே மாற்றிவைக்கும் போட்டோஷாப்பின் ஸ்கை ரீபிளேஸ்மென்ட் கருவி வந்தது 2020 அக்டோபரில். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது நேர்த்தியான வேலை. வானத்தின் எல்லையைத் தானே கண்டுபிடிக்கிறது, ஓரத்தை நகர்த்தவும் கரைக்கவும் ஸ்லைடர்கள் தருகிறது, புதிய வானத்தின் நிறத்தை நிலத்தின் மேலும் லேசாகப் படரவிடுகிறது, முடிவைத் தனித்தனி லேயர்களாக (ஒன்றன்மேல் ஒன்றாக அமையும் அடுக்குகளாக) கொடுக்கிறது. மணிக்கணக்கில் செய்த வேலை சில நொடிகளில் முடிகிறது என்பது விளம்பரத்துக்காகச் சொன்ன பேச்சில்லை. கூடவே நீலவானங்கள், அஸ்தமனங்கள், பிரமாதமானவை என்று வகை பிரித்து ஆயத்த வானங்களையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கருவியின் பெட்டியில் ஃப்ளிப் என்றொரு சிறு கட்டம் இருக்கிறது. அதைச் சொடுக்கினால் வானம் இடவலமாகத் திரும்பும்: இடப்பக்கம் மறைந்துகொண்டிருந்த சூரியன் வலப்பக்கம் போய் மறையும். நிலத்தில் கிடக்கும் மரநிழல் திரும்பாது. கருவி வானத்தை மட்டுமே மாற்றுகிறது, நிலத்தில் விழுந்த ஒளியின் திசை கோப்பில் உறைந்து கிடக்கிறது. வானவில்லைப் பாருங்கள். அதன் மையம் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளி. அங்கிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் வில் வளைகிறது. ஆகவே வானவில் தெரியும் படத்தில் சூரியன் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தாக வேண்டும், நிழல்களும் வில்லின் மையத்தை நோக்கியே நீள வேண்டும். பக்கவாட்டில் நிழல் விழும் வயலின் மேல் நடுநாயகமாக வானவில் ஒட்டப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி வாங்கிக்கொண்டிருக்கின்றன. பிறை நிலவின் இருண்ட பாகத்துக்குள் விண்மீன் மின்னும் படங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இயற்பியல் பிழைகளைத் திறமையால் தவிர்த்துவிடலாம் என்பது உண்மைதான். நிழலின் திசைக்கும் ஒளியின் நிறத்துக்கும் பொருந்தும் வானத்தைத் தேடி, நீரில் பிம்பத்தையும் கையால் அமைத்தால் எவராலும் கண்டுபிடிக்க முடியாத படம் கிடைக்கும். அப்போதும் என் மறுப்பு தீராது. ஹெர்னாண்டஸ் நிலவுப் படத்துக்கு ஆடம்ஸ் தேதி குறித்து வைக்கவில்லை. ஆண்டையே வெவ்வேறாகச் சொல்லிவந்தார். நிலவு நின்ற இடத்தைக் கணக்கிட்டு, 1941 நவம்பர் 1 மாலை என்று பின்னாளில் கண்டறிந்தவர்கள் வானியல் அறிந்தவர்கள். இருட்டறையில் அவ்வளவு கருமை ஏற்றப்பட்ட பிறகும் அந்த வானம் தன் பொழுதை மறக்கவில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள் என்று நம் இலக்கணம் வகுத்திருப்பதை நிலக்காட்சி எடுப்பவர்கள் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயத்த வானம் நிலத்தை விட்டுவைத்துவிட்டுப் பொழுதைப் பிடுங்கிக்கொள்கிறது. பட்டியலிலிருந்து ஓர் அஸ்தமனத்தைத் தேர்ந்தெடுப்பவர் செய்வதும் தேர்வுதானே என்று கேட்கலாம். தேர்வுதான், ஆனால் அதே சந்தா உள்ள எல்லோருக்கும் அதே பட்டியல்தான். உணவகத்தில் பட்டியலைப் பார்த்துச் சொல்பவரைச் சமையற்காரர் என்று அழைப்பதில்லை. நாமே எடுத்து வைத்த வானங்களையும் இக்கருவியில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது ஓர் ஆறுதல். லெ கிரேயும் தன் வானத்தைத் தானே எடுத்தார், தகட்டின் குறையைக் கடக்க வேறு வழியில்லாமல் எடுத்தார்.

இணைப்புப் படம் என்பதே தாழ்ந்தது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜெரி யூல்ஸ்மன் இருட்டறையில், நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் வீழ்த்தும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒரே தாளில் பல நெகட்டிவ்களை அச்சிட்டு, வேரூன்றாமல் மிதக்கும் மரங்களையும் கூரையில்லாத அறைகளையும் உருவாக்கினார். அவற்றைப் பார்க்கும் ஒருவரும் இந்த மரம் எந்த ஊரில் மிதக்கிறது என்று கேட்பதில்லை. படமே தன் இயல்பை அறிவித்துவிடுகிறது. இத்தகைய வேலைக்குப் போட்டோஷாப்பின் லேயர்களுக்கும் லேயர் மாஸ்க்குகளுக்கும் இணையாக நான் வேறெதையும் சொல்ல மாட்டேன். கற்பனையைக் கற்பனையாகவே வைக்க விரும்புபவருக்கு அது தரும் சுதந்திரம் அளவற்றது, ஒவ்வொரு தீர்மானமும் அவருடையதாகவே இருக்கும்.

வானத்தை மாற்றுவதைவிட எனக்கு அதிகம் உறுத்துவது, அதிகம் பேசப்படாத ஒன்று: மலையை இழுத்து உயர்த்துவது. டிரான்ஸ்பார்ம், வார்ப் கருவிகளால் முன்னிலத்தைத் தொடாமல் சிகரத்தை மட்டும் கூராக்கிவிடலாம். அந்த மலையை நேரில் அறிந்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது. நிழலோ பிம்பமோ காட்டிக்கொடுக்காது. தொலைநோக்கு லென்ஸால் மலையைப் பெரிதாக்கிக் காட்டுவது வேறு, ஏனெனில் அதற்கு ஒருவர் பின்னால் நடந்து சென்று சரியான இடத்தில் நின்றாக வேண்டும். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் தன் அட்டைக்காக, அகலவாட்டில் எடுத்த படத்தை நெட்டுச்சட்டத்துக்குள் அடக்க கிசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தபோது எழுந்த கண்டனம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. அன்று பெரும் பதிப்பகத்தால் மட்டுமே முடிந்ததை இன்று எவரும் செய்யலாம், செய்கிறார்கள்.

யாருக்கு எது தேவை என்று கேட்டால், நேராக நிலக்காட்சி எடுப்பவருக்கு லைட்ரூம் ஒன்றே போதும். மாஸ்க்குகளை முழுமையாகக் கற்றுக்கொண்ட பிறகு போட்டோஷாப்பைத் திறக்கும் தேவை மிகவும் குறைந்துவிடும். வெவ்வேறு தொலைவில் கூர்மையாக எடுத்த படங்களை ஒன்றாக்கும் ஃபோக்கஸ் ஸ்டாக்கிங் செய்பவர்களும் இணைப்புப் படம் படைப்பவர்களும் மட்டும் போட்டோஷாப்பைக் கற்கும் உழைப்பை ஏற்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் தானியங்கி பிரீசெட்டுகளிலிருந்து (ஒரே சொடுக்கில் ஏறும் ஆயத்தத் திருத்தங்களிலிருந்து) விலகி நிற்பது நல்லது. அவை மோசம் என்பதால் அல்ல, படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் பழக்கம் வருமுன்னே முடிவை எடுத்துக் கொடுத்துவிடுகின்றன என்பதால்.

செய்ததை வெளிப்படுத்தும் வசதியையும் குறிப்பிட வேண்டும். அடோபி 2019ல் பிற நிறுவனங்களோடு தொடங்கிய முயற்சியிலிருந்து கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ் என்னும் பதிவுமுறை வளர்ந்தது. படத்தில் என்ன மாற்றம் நடந்தது, செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதா என்பதை அது கோப்புடனே பிணைத்து வைக்கிறது. யோசனை அருமை, ஆனால் யாராவது திரையைப் படம்பிடித்துப் பகிர்ந்தால் அந்தப் பதிவு கூட வருவதில்லை. போட்டி நடத்துபவர்கள் இன்னும் பழைய வழியையே நம்புகிறார்கள். பிரிட்டனின் ஆண்டு நிலக்காட்சிப் போட்டியில் 2012ல் முதல் பரிசு பெற்ற படம், விதியை மீறி மாற்றப்பட்டதாகக் கண்டறியப்பட்டுத் தகுதியிழந்தது. 2021ல் தொடங்கிய நேச்சுரல் லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபி விருதுகள், இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் ரா கோப்புகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கின்றன. லைட்ரூம் நம் மாற்றங்களைத் தன் கேட்டலாக் என்னும் பதிவேட்டிலோ பக்கத்துக் கோப்பிலோ எழுதி வைப்பதால், ரா கோப்பின் ஒளிப்பதிவு தொடப்படாமலே இருக்கிறது. இந்த மென்பொருளில் நான் அதிகம் அழுத்தும் விசை, எடுத்த படத்தையும் திருத்திய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும் பின்சாய்வுக்கோடு விசைதான்.